ஐம்பதுக்குக் கீழே இன்னோர் ஐம்பது

சங்கிலிமுத்துவின் வாயில் ஒரு வரி இருபத்தொன்பது வருஷமாகக் குடியிருந்தது.

"பகுதி இன்டு தொகுதியோட வகைக்கெழு, மைனஸ் தொகுதி இன்டு பகுதியோட வகைக்கெழு, பை பகுதி ஸ்கொயர்."

மின்கம்பத்தில் ஏறும்போது சொல்வார். இறங்கும்போது சொல்வார். சஷ்டி கவசம் போல அட்சரம் பிசகாமல் வரும். ஆனால் ஏன் அப்படி என்று மட்டும் அவருக்குத் தெரியாது. இருபத்து நான்கு வயதில் கால்குலஸ் பேப்பரில் இந்த ஒரு வரியைத் தலைகீழாக எழுதித்தான் பட்டத்தைக் கோட்டை விட்டார். அப்புறம் லைன்மேன் வேலை, கல்யாணம், பிள்ளைகள். பெண்ணைக் கட்டிக் கொடுத்த மறு மாதமே ஐம்பத்து மூன்று வயதில் தபால் வழியில் மறுபடி சேர்ந்தார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

அவருக்குப் பாடம் சொன்னது மரகதவல்லி டீச்சர். கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். அவரைவிடப் பதினேழு வயது இளையவர். டீச்சர் உள்ளே வந்தால் சங்கிலிமுத்து எழுந்து நிற்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

ஒருநாள் சங்கிலிமுத்து கேட்டார்.

"டீச்சர், மேல ஒரு எண்ணு, அது தொகுதி. கீழ ஒரு எண்ணு, அது பகுதி. மேல உள்ளதைக் கீழ உள்ளதால வகுக்கிறோம். ரெண்டுமே மாறிக்கிட்டு இருந்தா, வகுத்து வர்றது எப்படி மாறும்னு சொல்றதுதான் இந்த விதி. அதுவரைக்கும் சரியா?"

"சரி."

"அதுல மைனஸ் ஏன் வருது? கீழ ஸ்கொயர் ஏன் வருது?"

டீச்சர் நிரூபணத்தை எழுதிக் காட்டவில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, அண்ணாச்சி அதையும் மனப்பாடம் செய்திருந்தார்.

"மாசி மாசம் மலைக்கு வர்றீங்களா?" என்றார்.

நெடுங்கல் மலையின் உச்சியில் ஒரு சுனை உண்டு. மாசியில் எட்டு நாள் மட்டும் காட்டுக் கேட்டைத் திறந்து விடுவார்கள். ஊரிலிருந்து கேட் வரை இரண்டு நாள் நடை. வழி நெடுக ஊர்கள், கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். கேட்டுக்கு அப்பால் மூன்று நாள் காடு. அங்கே கடையும் கிடையாது, வீடும் கிடையாது. அதற்குத்தான் மூட்டை.

டீச்சர் போகிற கூட்டத்தில் இது வழக்கம். புறப்படும்போது ஒவ்வொருவரும் மூன்று டம்ளர் அரிசியைப் பொது மூட்டையில் போட வேண்டும். வழியில் வந்து சேர்கிறவர்கள் தங்களால் ஆனதைப் போடலாம். கேட்டை அடைவதற்கு முன்னால் மூட்டையைப் பிரித்து எடுக்கக் கூடாது. பிரித்த பிறகு எல்லாருக்கும் ஒரே பங்கு. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை மூட்டைக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான், தகப்பனே வந்து சிபாரிசு செய்தாலும் செல்லாது. போன வருஷம் மூட்டைக்காரராக இருந்தவர் இந்த வருஷத்து ஆளை நியமிப்பார்.

போன வருஷம் மூட்டை டீச்சரிடம் இருந்தது.

புறப்பட்ட அன்று காலையில், நாற்பது பேர் அரிசி போட்டு முடித்ததும், டீச்சர் மூட்டையின் வாயைக் கட்டிச் சங்கிலிமுத்துவின் முன்னால் வைத்தார்.

"நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதுல இருக்கு."

சங்கிலிமுத்து மூட்டையைப் பார்த்தார். அரிசி. வேறு எதையும் காணோம்.

"நாலு வருஷமா நடக்கிறேன், எனக்குக் குடுக்கலை," என்றார் கஞ்சி காய்ச்சும் உலகநாதன். ஒரு மில் கேன்டீனில் முப்பது வருஷம் சமைத்த மனிதர். அவருக்கு எதையும் கேலியாகத்தான் சொல்லத் தெரியும். "பார்த்து வச்சுக்கோ. எலி கடிச்சா உன்னையத்தான் கடிச்ச மாதிரி."

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை, சங்கிலிமுத்துவின் காலில் கொப்புளம் வந்ததைத் தவிர. மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு வந்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

இரண்டாம் நாள் மத்தியானம் கருவேலம்பட்டிக்குப் பாதை பிரியும் விலக்கில் பத்துப் பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கு இரண்டு டம்ளர் அரிசி துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அந்தப் பக்கம் மழை இல்லை. அதைச் சொல்லும்போது பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

சங்கிலிமுத்து அவர்களைச் சேர்த்துக்கொண்டார். முடிச்சுகளை அவிழ்த்து மூட்டையில் கொட்டினார். கொட்டக் கொட்ட மனசுக்குள் கணக்கு ஓடியது. மேலே அரிசி, கீழே ஆட்கள், வகுத்தால் பங்கு. விதி நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் வெயில், கொப்புளம், புதுப் பதவி எல்லாம் சேர்ந்து அவசரப்படுத்திவிட்டன. மேலே கூடியது இருபது. கீழே கூடியது பத்து. இருபதைப் பத்தால் வகுத்தால் இரண்டு.

வண்டி மேல் ஏறி நின்று சத்தமாகச் சொன்னார்.

"பங்கு ரெண்டு டம்ளர் கூடியிருக்கு. இனி ஆளுக்கு அஞ்சு."

ஒரு நிமிஷம் எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு உலகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அம்பது பேரு. ஆளுக்கு அஞ்சு டம்ளர். இருநூத்தம்பது. மூட்டையில இருக்கிறது நூத்திநாப்பது. மிச்சத்தை வானத்துல இருந்து இறக்கப் போறியா? கம்பியை இழுத்து விடு, இறங்கட்டும்."

கூட்டம் சிரித்தது. சங்கிலிமுத்து வண்டியிலிருந்து இறங்கினார். பேப்பரில் போட்டுப் பார்த்தார். ஆளுக்கு இரண்டு டம்ளர், அதன்மேல் முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். மூன்றாக இருந்த பங்கு ஐந்தில் ஒரு டம்ளர் குறைந்திருந்தது.

"அரிசி வந்துச்சு, பங்கு குறைஞ்சுதா?" என்று யாரோ கேட்டார்கள். அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்தாலும் சங்கிலிமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது. புதிதாக வந்த பத்துப் பேரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

நடை மறுபடி தொடங்கியதும் டீச்சர் வண்டியின் மறுபுறத்தைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, வந்தவங்க ஆளுக்கு எவ்வளவு போட்டாங்க?"

"ரெண்டு."

"நம்ம அவங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்?"

"எல்லாருக்கும் போல மூணு."

சொல்லிவிட்டு நின்றார். வண்டியும் நின்றது.

"பத்துப் பேருக்கு முப்பது. வந்தது இருபது. பத்து டம்ளர் இடிக்குது."

"அந்தப் பத்து?"

"அம்பது பேரும் சேர்ந்து குடுத்திருக்கோம். ஆளுக்கு அஞ்சுல ஒரு டம்ளர்." அவர் குரல் தணிந்தது. "வர்றவங்க ஒரு கையால போடுறாங்க. இன்னொரு கையால எடுக்கிறாங்க. போட்டதுல இருந்து எடுத்ததைக் கழிக்கணும். அதான் மைனஸ்."

 டீச்சர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இருபத்தொம்பது வருஷமா அந்த மைனஸை வெறும் கோடுன்னு நெனச்சிட்டு இருந்தேன் டீச்சர்."

"வண்டியைத் தள்ளுங்க."

"கீழ ஸ்கொயர்?"

"அது இன்னும் வந்து சேரலை."

அன்று சாயங்காலம் வரை சங்கிலிமுத்து வேறு ஆளாக இருந்தார். மைனஸ் புரிந்த சந்தோஷம் ஒரு பக்கம், அதைப் பற்றிய பயம் ஒரு பக்கம். பாதி புரிந்தவனுக்கு வருகிற பயம் முழுசாகவே வரும் போலிருக்கிறது. வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் அவர் சந்தேகமாகப் பார்த்தார். இவன் சேர வருகிறானா? வந்தால் எவ்வளவு போடுவான்? எவ்வளவு எடுப்பான்? இனிமேல் ஒரு மணி அரிசி குறையவிட மாட்டேன் என்று உலகநாதனிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்குக் காட்டுக் கேட்டை அடைந்தார்கள். பத்து மணிக்குக் கேட்டை மூடுவார்கள். அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி நாள். தனி ஆளாக யாரையும் விடுவதில்லை. கூட்டமாக வர வேண்டும், எத்தனை பேர் என்று மூட்டைக்காரர் சீட்டெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வரும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும் என்பது காவலரின் கவலை.

கேட்டை ஒட்டி ஒரு பலாமரம். அதன் அடியில்தான் எப்போதும் முதல் கஞ்சி. உலகநாதன் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றினார். சங்கிலிமுத்து மூட்டையைப் பிரித்தார். மற்றவர்கள் பலா இலைகளைப் பறித்து மடித்து, ஈர்க்குச்சி குத்திக் கரண்டி செய்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டுப் பக்கத்துக் கல்லிலிருந்து எழுந்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம். தோளில் ஒரு துண்டு, கையில் ஒன்றும் இல்லை.

"இங்க மூட்டைக்காரர் யாருங்கய்யா?"

"நான்தான்."

"எம் பேரு முத்துப்பேச்சி. எங்க ஊர்க் கூட்டத்தோடதான் வந்தேன். வழியில சத்திரத்துல காய்ச்சல் வந்து ரெண்டு நாள் விழுந்துட்டேன். அவங்க காத்திருக்க முடியுமா, போயிட்டாங்க. எந்தங்கச்சி மகதான் கூட இருந்து பாத்துக்கிட்டா, நேத்து அவளை ஊருக்கு பஸ் ஏத்திட்டு இங்க வந்தேன். ஒத்தையா விட மாட்டோம்னு சொல்லுதாங்க. உங்களோட வரட்டுமா?"

"அரிசி?"

"எம் பங்கு அவங்க மூட்டையில போயிருச்சு. இப்ப மலையில வெந்துக்கிட்டு இருக்கும்."

சங்கிலிமுத்துவின் மனசுக்குள் அந்த வரி வந்து நின்றது. மேலே கூடுவது பூஜ்யம். கீழே கூடுவது ஒன்று. விதியின் முதல் பாதி செத்துப் போயிற்று. மிச்சம் இருப்பது மைனஸ் மட்டும்.

"அடுத்த வருஷம் வாங்களேன்மா," என்றார்.

முத்துப்பேச்சி திரும்பினார். கேட்டைப் பார்த்தார்.

"போன வருஷம் எங்க வீட்டுக்காரர் வந்தாரு. இந்தக் கேட்டு வரைக்கும் நடந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு இதே இடத்துல திரும்பிட்டாரு. அடுத்த வருஷம் மிச்சத்தை நடக்கலாம்னு சொன்னாரு. அவரு இப்ப இல்ல. அவரு விட்ட மிச்சத்தை நான் நடந்துட்டா போதும். இந்த மாசி முடிஞ்சா அவரு போயி வருஷம் திரும்பிரும். அதுக்குள்ள நடந்துரணும்னு நெனச்சேன்."

பலா இலை மடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. எல்லாரும் சங்கிலிமுத்துவைப் பார்த்தார்கள்.  அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் நேற்று வண்டி மேல் நின்று அசிங்கப்பட்டது இன்னும் ஆறவில்லை. ஐம்பது பேர் நம்பிக் கொடுத்த மூட்டை அது. கருவேலம்பட்டிக்காரர்கள் பத்துப் பேரும் இரண்டு டம்ளராவது போட்டார்கள். அதற்கே பங்கு இறங்கியது. இது வெறும் கழித்தல்.

"எல்லாரு பங்குலயும் கை வைக்க எனக்கு உரிமை இல்லம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு," என்றார் முத்துப்பேச்சி. திரும்பிப் போய் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தார். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சங்கிலிமுத்துவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு சரிதான டீச்சர்? மேல பூஜ்யம். மைனஸ் மட்டும்தான்."

"மேல சரி."

டீச்சர் அடுத்த இலையை எடுத்தார். மூட்டைக்காரர் சொல்லிவிட்டார். வழக்கப்படி அதற்குமேல் பேச இடம் இல்லை.

கஞ்சி தயாரானது. அந்தக் கூட்டத்துக்கென்றே ஒரே அளவில் வாங்கி வைத்த அலுமினியக் கிண்ணங்கள் உண்டு. ஐம்பதையும் வட்டமாகப் பரப்பி வைத்து உலகநாதன் அகப்பையால் ஊற்றினார். அவர் கை அளவு தவறாது. ஐம்பது கிண்ணத்திலும் கஞ்சி ஒரே மட்டத்தில் நின்றது, அண்டா காலியானது. அவரவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

டீச்சர் தன் கிண்ணத்தோடு எழுந்தார். கோணிக்குள்ளிருந்து ஒரு வெறுங்கிண்ணத்தை எடுத்துப் போய் முத்துப்பேச்சியின் முன்னால் வைத்தார்.

"வேண்டாம் தாயி. அவருதான் சொல்லிட்டாருல்ல."

"அவரு மூட்டையைச் சொன்னாரு. இது என் கிண்ணம்."

பலா இலைக் கரண்டியால் ஒரே ஒரு கரண்டி கஞ்சியை அள்ளி அந்த வெறுங்கிண்ணத்தில் விட்டார். பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

சங்கிலிமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஒரு கரண்டி. கிண்ணத்தின் அடிகூட நனையவில்லை. இதைக் கொடுப்பதற்குக் கொடுக்காமலே இருக்கலாம் என்று நினைத்தார்.

உலகநாதன் எழுந்தார். எதையும் கேலி செய்கிற மனிதர் அன்று ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு கரண்டி விட்டுவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மச்சினன். பிறகு, நேற்று ஒதுங்கி நின்ற கருவேலம்பட்டிக்காரர்கள் பத்துப் பேரும் வரிசையாக. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு கரண்டிக்குமேல் யாரும் விடவுமில்லை.

சங்கிலிமுத்து தன்னை அறியாமல் எண்ணினார். கம்பங்களை எண்ணிப் பழகிய ஆள், எதையும் எண்ணாமல் இருக்க முடியாது அவரால். பதினைந்து. இருபது. கிண்ணத்தில் பாதிகூட இல்லை. இருபத்தாறு. பாதி. முத்துப்பேச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து. நாற்பது.

கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த உலகநாதனின் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார் சங்கிலிமுத்து. அது நிறையத்தான் இருந்தது. கொடுக்காத தன் கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பக்கம் இருந்தவரின் கிண்ணத்தைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

அங்கே கல்லடியில் ஒரு கிண்ணம் நிறைந்துகொண்டிருந்தது.

எங்கிருந்து வந்தது அவ்வளவு கஞ்சி?  ஒருத்தர் கிண்ணத்திலும் இழப்பைக் காணோம். ஆனால் அங்கே ஒரு முழுக் கிண்ணம்.

நாற்பத்தொன்பது. எல்லாரும் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

எழுந்து போனார். குனிந்து முத்துப்பேச்சியின் கிண்ணத்தைப் பார்த்தார். மற்ற கிண்ணங்களில் கஞ்சி நின்ற மட்டத்துக்கு ஒரு கரண்டி குறைவாக இருந்தது.  தன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி அள்ளி விட்டார். மட்டம் சரியாக நின்றது. அவர் கிண்ணமும் முத்துப்பேச்சியின் கிண்ணமும் ஒன்றுபோல் இருந்தன.

"சாப்பிடுங்கம்மா," என்றார். 

திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதினார். மேலே நூற்று நாற்பது. ஒரு கோடு. கீழே ஐம்பது. அதுதான் பங்கு. முத்துப்பேச்சிக்குச் சேர வேண்டியது அந்த ஒரு பங்குதான். அதை யார் கொடுப்பது? ஐம்பது பேர். அப்படியானால் அந்தப் பங்கை மறுபடியும் ஐம்பதால் வகுக்க வேண்டும். குச்சி தானாக நகர்ந்தது. ஐம்பதுக்குக் கீழே இன்னோர் ஐம்பது.

எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தொன்பது வருஷம் வாயில் சுமந்த வரி மண்ணில் கிடந்தது. கண்ணில் நீர் தளும்பியது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"டீச்சர்."

டீச்சர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"ஒரு தடவை வகுத்தது நம்ம பங்கு. ரெண்டாந்தடவை வகுத்தது நாம குடுக்கிற பங்கு. அதான ஸ்கொயர்?"

"ம்."

"நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமே."

"நேத்து அவங்க வரலையே."

சங்கிலிமுத்து மறுபடி மண்ணைப் பார்த்தார். கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா, ஒரு முள் தட்டுப்பட்டது.

"ஆனா ஒண்ணு இடிக்குது டீச்சர். அவங்களையும் சேர்த்தா இப்ப அம்பத்தொரு கிண்ணம். அப்போ ரெண்டாவது தடவை அம்பத்தொண்ணாலதான வகுக்கணும்? விதியில அம்பது, அம்பதுன்னே இருக்கு. நேத்துப் பத்துப் பேரு வந்தப்பவும் விதியைப் போட்டுப் பார்த்தேன், கால் டம்ளர் குறையும்னு காட்டுச்சு. நெசத்துல அஞ்சுல ஒண்ணுதான் குறைஞ்சுது. விதி தப்பா?"

"தப்பில்ல. நேத்துப் பத்துப் பேரும் உள்ள வந்து உக்காந்த பிறகு நீங்க அளந்தீங்க. இன்னிக்கு இவங்க உக்காந்த பிறகு எண்ணுறீங்க."

"விதி?"

"ஆளு வாசல்ல நிக்கும்போது கேக்குற கேள்வி அது. இன்னும் ஒரு அடி எடுத்து வைக்கலை. அப்ப உள்ள இருக்கிறது அம்பது பேருதான். பதில் சொல்ல வேண்டியதும் அந்த அம்பது பேருதான்."

சங்கிலிமுத்து குச்சியைக் கீழே போட்டார்.

கேட்டருகே காவலர் விசில் ஊதினார். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம். கிண்ணங்களைக் கழுவிக் கோணியில் போட்டார்கள். உலகநாதன் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். எல்லாரும் கேட்டின் முன்னால் கூடினார்கள். முத்துப்பேச்சி கல்லின் பக்கத்தில் நின்றபடி, போய் வாருங்கள் என்பதுபோல் எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினார். வயிறார ஒரு வேளை சாப்பிட்டதற்கு மேல் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

காவலர் சீட்டை நீட்டினார்.

"எத்தனை பேரு? சீக்கிரம் சொல்லுங்க, பூட்டணும்."

சங்கிலிமுத்து பேனாவை வாங்கினார். சீட்டில் காலையிலேயே ஐம்பது என்று எழுதி வைத்திருந்தார். அதை அடித்தார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். 

"அம்பத்தொண்ணு."

"நான் எண்ணினேன், அம்பதுதான இருக்கு?"

"நல்லா எண்ணுங்க," என்றார் சங்கிலிமுத்து. பிறகு கல்லைப் பார்த்து, "வாங்கம்மா, பூட்டப் போறாங்க," என்றார்.

முத்துப்பேச்சி வந்தார். கேட்டுக் கம்பத்தருகே ஒரு கணம் நின்றார். அந்த இடம்தான். போன வருஷம் ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிய இடம். கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். அவ்வளவு நேரம் அழாதவர் அப்போதுதான் அழுதார். உலகநாதன் அண்டாவுக்குள்ளிருந்து இருமினார்.

காட்டுப் பாதையில் ஒற்றை வரிசையாகத்தான் நடக்க முடியும். தள்ளுவண்டி கேட்டோடு நின்றுவிட்டது. மூட்டையைச் சங்கிலிமுத்து தோளில் சுமந்தார். காலில் கொப்புளம் இருந்த நினைவே அவருக்கு இல்லை. டீச்சர் அவருக்குப் பின்னால் வந்தார்.

 பிறகு சங்கிலிமுத்து தானாகப் பேசினார்.

"அம்பது பேரு இருந்ததால ஒரு கரண்டி. நாலே பேரு இருந்திருந்தா ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்கு போயிருக்கும். நல்லாத் தெரிஞ்சிருக்கும், வலிச்சிருக்கும். இதே மூட்டைக்கு ஐந்நூறு பேரு இருந்திருந்தா பங்கும் சின்னது, அதுல குடுக்கிறது அதைவிடச் சின்னது. கரண்டி வேண்டாம், நாலஞ்சு சொட்டு விட்டாப் போதும்."

"ம்."

"ஐயாயிரம் பேரு இருந்தா?"

"நீங்களே சொல்லுங்க."

சங்கிலிமுத்து நின்றுவிட்டார். மேலே மரங்களுக்கிடையே நெடுங்கல் மலை தெரிந்தது. ஐயாயிரத்துக்குக் கீழே இன்னோர் ஐயாயிரம். அதற்குமேல் போகப் போக என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். 

"அப்போ ஒருத்தர் வந்தது தெரியவே தெரியாதா டீச்சர்?"

"இருக்கிறவங்களுக்குத் தெரியாது."

கொஞ்ச தூரம் நடந்தார். மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"வந்தவங்களுக்கு?"

முன்னால் முத்துப்பேச்சி போய்க்கொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார்.

"ஒரு கிண்ணம்."